மலை ஏறாத அங்குலத்தார்

மலையைக் கரைத்துக் குடித்தவர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். மலையில் ஒரு தடவைகூடக் கால் வைக்காமல் அதைக் கரைத்துக் குடித்தவர், எனக்குத் தெரிந்து, அங்குலத்தார் ஒருவர்தான். அவர் பிறந்த யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மேடு என்று ஒன்றைக் காட்டுவதற்கே கொஞ்சம் கூச்சப்பட வேண்டும். பிழைக்க வந்த மொன்றியலில், ஊருக்கே பெயர் கொடுத்த மலை ஒன்று நடு ஊரில் நிற்கிறது. அதன் அடிவாரத்தால் போகும் பஸ்ஸில் பல வருடம் போய்வந்தும் அதன்மேல் என்ன இருக்கிறது என்று அவர் ஏறிப் பார்த்ததில்லை. “உது மலையே, தம்பி? உதுக்கு நூற்றி இருபத்தொண்டு காணும்” என்று கையை வீசிவிட்டுப் போவார்.

நூற்றிருபத்தொன்று என்பது அங்குலக் கணக்கு. அதனால்தான் அந்தப் பெயர். அவருடைய இயற்பெயர் சம்பளக் காசோலையில் மட்டும் இருந்தது. அதை வாசித்து, “இது ஆர்?” என்று கேட்டவர்களும் எங்கள் வேலையிடத்தில் உண்டு.

இரண்டாயிரங்களின் தொடக்கம். மொன்றியலின் மேற்குப் புறத்தில், புவாண்ட்-கிளேரில் ஸ்னோமொபைல் விற்கிற, அதன் உதிரிப்பாகங்களை ஊர் ஊராக அனுப்புகிற ஒரு வேர்ஹவுஸ். நான் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறவன். அங்குலத்தார் முன்பக்கக் கவுண்டரில் நிற்கிறவர். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இரண்டு பேரும் இருந்தோம். ஆகவே வேலையிலும் அவர், வீட்டிலும் அவர். எனக்கு விடுமுறை என்ற ஒன்று இருக்கவில்லை.

ஸ்னோமொபைல் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், அடியில் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு ரப்பர் பட்டை. அந்தப் பட்டைக்குத்தான் ட்ராக் என்று பெயர். முழுச் சுற்றையும் அளந்து அதன் நீளத்தை அங்குலத்தில் சொல்வார்கள். ட்ராக் நீளமாக இருந்தால் ஆழமான பனியில் வண்டி புதையாது, மலையும் ஏறும். ஆனால் திரும்புவதற்கு மனம் வராது. கட்டையாக இருந்தால் சொன்ன பக்கம் திரும்பும். பாரமான ஆள் ஏறினால் புதைந்துவிடும். ஆகவே ஓட்டுகிறவரின் நிறையையும் பனியின் ஆழத்தையும் பார்த்து எடுக்க வேண்டும். அங்குலத்தார் எனக்குச் சொல்லித் தந்தது மொத்தமாக இவ்வளவுதான். அவர் சொன்ன விதத்தில் அதற்குச் சில வருடங்கள் பிடித்தன.

அவருக்கு உலகத்தில் எல்லாமே இந்தக் கணக்குக்குள் அடங்கியது. பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து நாங்கள் நாலு பேர் ஒரு பழைய காரில் சேர்ந்து வேலைக்குப் போவோம். பனி கொட்டிய காலைகளில், யார் எங்கே இருந்தால் சில்லு வழுக்காது என்று அங்குலத்தார்தான் தீர்மானிப்பார். முன் சில்லில் இழுக்கிற கார், எனவே பாரமான ஆள் முன்னால் இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. எங்களில் பாரமான ஆள் அவர்தான். அந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் அவரை ஹீற்றருக்குப் பக்கத்து சீற்றில் கொண்டுபோய் விட்டது.

நான் முதன்முதலாகப் பனிச் சப்பாத்து வாங்கப் போனபோதும் கூட வந்தார். எனக்கு எட்டாம் நம்பர். அவர் பதினோராம் நம்பரை எடுத்து நீட்டினார்.

“இது பெரிசு அண்ணை.”

“பெரிசுதான். ஆழப் பனியிலை நீர் மிதக்க வேண்டாமே?”

“நான் மிதக்கப் போகேல்லை, மெத்ரோவுக்குப் போகப்போறன்.”

“எங்கை போனாலும் பனி பனிதான்.”

மனிதர் பேச்சைக் கேட்டு வாங்கினேன். அடுத்த நாள் காலை பார்க் மெத்ரோவுக்கு முன்னால் இருந்த பனிக் குவியலைக் கடந்தேன். நான் கடந்துவிட்டேன், சப்பாத்து கடக்கவில்லை. வெறும் சொக்ஸோடு ஒற்றைக் காலில் நின்று நான் அதைப் பிடுங்கி எடுப்பதை, பஸ்ஸுக்கு நின்ற சனம் எந்த முகபாவமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலை முறையிட்டேன். அங்குலத்தார் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மிதந்ததுதானே? பிழை உம்மடை காலிலை” என்றார்.

கவுண்டரில் அவர் செய்த கூத்துகள் தனி. குளியலறையில் வைக்கிற நிறை பார்க்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டருக்கு முன்னால் வைத்திருந்தார். மலை வண்டிக்கு ட்ராக் கேட்டு யார் வந்தாலும் முதலில் “பொன்ஜூர்”. அடுத்தது, ஏறி நில்லுங்கள். ஹெல்மெட்டோடு, பூட்ஸோடு, முதுகுப் பையோடு. ஒருநாள் கதவளவு அகலமான கியூபெக்காரர் ஒருவர் வந்தார். தன் நிறை எண்பத்தைந்து கிலோ என்றார். அங்குலத்தார் மெஷினைக் காட்டினார். மனிதர் ஏறினார். முள் எண்பத்தைந்தில் நிற்காமல் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அங்குலத்தார் குனிந்து பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, “சாப்பிட முதலா, சாப்பிட்ட பிறகா?” என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார். மனிதர் ஒன்றும் வாங்காமல் வெளியேறினார்.

முதலாளி மார்செல் பொறுமைசாலி. ஆனாலும் அன்று அந்த மெஷினைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்குலத்தார் இரண்டு நாள் சோர்ந்து போயிருந்தார். பிறகு தெளிந்தார்.

“தம்பி, மெஷின் தேவையில்லை. மனிசர் நிறை சொல்லேக்கை அஞ்சு கிலோ குறைச்சுத்தான் சொல்லுவினம். ஆம்பிளையும் அஞ்சு, பொம்பிளையும் அஞ்சு. இதிலை ஒரு வித்தியாசமும் இல்லை. நாங்கள் அஞ்சைக் கூட்டினால் சரி.”

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் முகத்துக்கு நேரே தலையை ஆட்டிவிட்டு, மனதுக்குள் ஐந்தைக் கூட்டி ட்ராக்கைச் சொல்லுவார். என்னிடமும் ஒருதரம் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

எங்கள் ஆட்கள் ஸ்னோமொபைல் வாங்கிய கதையும் உண்டு. பார்க் எக்ஸ்டென்ஷனில் பலசரக்குக் கடை வைத்திருந்த செல்வம் அண்ணை, கூட்டாளிகள் மூன்று பேரைச் சேர்த்து ஒரு மலை வண்டி வாங்கலாம் என்று வந்தார். நாலு பேரும் ஜக்கெற்றோடு கவுண்டருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

“அண்ணை, உள்ளதுக்குள்ளை எது பெரிசு?” செல்வம் அண்ணை கேட்டார்.

“நூற்றி அறுபத்திரண்டு. ஆனால் உங்கடை உடம்புக்கு அது வேண்டாம். நூற்றி நாப்பத்தி நாலு காணும்.”

“ஏன் வேண்டாம்? எடுக்கிறதைப் பெரிசா எடுத்தால் பேந்தும் உதவும். என்ரை மூத்தவன் வளந்து வாறான்.”

நமது சனத்துக்கு இது இரத்தத்தில் ஊறியது. பிள்ளைக்கு உடுப்பு வாங்கினால் இரண்டு சைஸ் பெரிசு. கையை மடித்து விட்டு, இடுப்புக்கு ஊசி குத்தி, அது அளவாக வரும்போது உடுப்பு கிழிந்திருக்கும். நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

“செல்வம், இது பள்ளிக்கூடக் காற்சட்டையே, மடிச்சுத் தைச்சுப்போட்டுப் பேந்து இறக்கி விடுறதுக்கு?” அங்குலத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. “நீளம் கூடினால் வண்டி திரும்பாது.”

“நாங்கள் ஏன் திரும்பப் போறம்? நேரை போயிட்டு வருவம்.”

“திரும்பாமல் எப்பிடி வருவியள்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர்கள் வேறு கடைக்குப் போய் நூற்று அறுபத்திரண்டையே வாங்கினார்கள். முதல் சனிக்கிழமை வடக்கே கொண்டுபோய் ஓட்டினார்கள். வண்டி சொன்னபடி நேரே போனது. மேப்பிள் பாகு காய்ச்சும் ஒருவரின் விறகு அடுக்குவரை நேரே போனது. “நான் திருப்பினனான், அதுதான் திரும்பேல்லை” என்று செல்வம் அண்ணை கட்டுப்போட்ட கையோடு பிறகு கடையில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அங்குலத்தார் தோடம்பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். நானும் போனேன். கை நோவு எப்படி என்று அவர் கேட்கவில்லை. “எந்தப் பக்கம் பாரத்தைப் போட்டுத் திருப்பினனீங்கள்?” என்றுதான் கேட்டார். செல்வம் அண்ணையின் மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி தராமலே அனுப்பிவிட்டார்.

திரும்பி நடந்து வரும்போது பல நாளாக எனக்குள் கிடந்ததைக் கேட்டேன். “அண்ணை, நீங்கள் இந்தச் சாமானை எப்பவாவது ஓடியிருக்கிறியளோ?”

“இல்லை.”

“ஒருக்காலும்?”

“ஓடுறது வேறை, எடுக்கிறது வேறை தம்பி. எனக்குச் சைக்கிளிலையே தலை சுத்தும்.”

இப்படிப்பட்ட மனிதருக்கு மனைவி ஒருவர் இருந்தார் என்பதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். றஞ்சி அக்கா. யாழ்ப்பாணத்தில் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளை பெறப்போகிற பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. பெற்றோல் இல்லாத காலத்தில், கார்பரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். அங்குலத்தார் வெளிக்கிட்டு வந்தபிறகு இரண்டு பேரும் பல வருடங்களாகத் தொலைபேசியில்தான் குடும்பம் நடத்தினார்கள். போர் நின்ற நாட்களில் அக்காவை இங்கே எடுக்கும் ஸ்பொன்சர் அலுவல் ஒருவழியாகச் சரிவந்தது. வரலாம் என்று கடிதமும் கிடைத்தது. வரத்தான் அக்காவுக்கு மனம் இல்லை.

அங்குலத்தாருக்கு ஸ்பீக்கரில் போடாமல் கதைக்கத் தெரியாது. ஆகவே அந்தக் குடும்ப விஷயம் முழுவதும், விரும்பியோ விரும்பாமலோ, என் காதிலும் விழுந்தது.

“இஞ்சாருங்கோ, நான் இஞ்சை நினைச்ச இடத்துக்கு மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போறன். அங்கை வந்து, கண்ணாடிக்குள்ளாலை பனியைப் பாத்துக்கொண்டு, நீங்கள் எப்ப வேலையாலை வருவியள் எண்டு இருக்கிறதோ?”

“இஞ்சை மலை எல்லாம் இருக்கு றஞ்சி.”

“மலை இருந்து? நீங்கள் ஏறினனீங்களோ?”

அங்குலத்தார் மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

“சரி, வந்து பாப்பன். வருசக் கடைசியிலையிருந்து ஆறு மாதம் லீவு போட்டிருக்கிறன், வேலையை விடேல்லை. மோட்டச்சைக்கிளையும் விக்கேல்லை, தம்பியார் வீட்டிலை நிக்குது. எனக்குப் பிடிக்கேல்லை எண்டால் திரும்பி வந்திடுவன். பிறகு குறை சொல்லக்கூடாது.”

“ஓம்” என்றார் அங்குலத்தார். கொஞ்சம் பொறுத்து, “றஞ்சி, நீர் இப்ப எத்தினை கிலோ?” என்று கேட்டார்.

“என்ன?”

“நிறை. எத்தினை கிலோ?”

“விசரே உங்களுக்கு? சந்தையிலை ஆடு கேக்கிற மாதிரி!” அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த கிழமையும் கேட்டார். அதற்கு அடுத்த கிழமையும் கேட்டார். பல வருடம் பிரிந்திருந்த மனைவியிடம் ஒரு மனிதன் கேட்க எவ்வளவோ இருக்கிறது. இவர் நிறை கேட்கிறார். கடைசியில் அக்கா தொல்லை தாங்காமல், “ஐம்பத்தி ரெண்டு. போதுமே?” என்றார். அங்குலத்தார் தலையை ஆட்டினார். தொலைபேசியில் தலை ஆட்டினால் தெரியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வேர்ஹவுஸில் வசந்தகால ஓடர் என்று ஒன்று உண்டு. வரும் பனிக்காலத்துக்கு வேண்டிய மலை வண்டியை, பனி உருகுகிற மாதத்திலேயே இன்ன ட்ராக் என்று சொல்லிப் பதிய வேண்டும். தொழிற்சாலை அதைத்தான் செய்து அனுப்பும். பிறகு மாற்ற முடியாது. அந்த வருடம் அங்குலத்தார் முதலாளியிடம் போய்த் தனக்கும் ஒன்று என்றார். வேர்ஹவுஸே திரண்டு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு ட்ராக் எடுத்துக் கொடுத்தவர், தனக்கு என்ன எடுப்பார்?

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “நண்பா, உன் உடம்புக்கு நூற்று ஐம்பத்தொன்பதுக்குக் குறைய எடுத்தால் உன்னைத் தோண்டி எடுக்க நான் ஆள் பிடிக்க வேண்டும்.” எல்லோரும் அதையே சொன்னார்கள். நூற்று ஐம்பத்தொன்பதா, நூற்று அறுபத்திரண்டா என்பதுதான் பேச்சு. அங்குலத்தார் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார். சோறு போட்டுவிட்டுக் கறியை மறந்தார். காரில் பின் சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.

கடைசி நாள், கடை பூட்டுகிற நேரம், முதலாளி முன் வந்து நின்றார். “நூற்றி நாப்பத்தி நாலு” என்றார்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனைவி வரப்போகிறார், வீட்டில் ஒரு ஒழுங்கான கட்டில் இல்லை, இந்த மனிதர் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டி ஒரு வண்டிக்கு ஓடர் கொடுக்கிறார், அதுவும் தனக்குப் பொருந்தாத வண்டிக்கு. வீட்டுக்கு வந்ததும் கேட்டே விட்டேன்.

“அண்ணை, மண்டை கழண்டு போச்சோ? நீங்கள் ஏறினால் அது நிலத்துக்குள்ளை போயிடும்.”

“ஓம், போயிடும்.”

“அப்ப ஏன்?”

“பேந்து பாப்பம்” என்றுவிட்டு அரிசி கழுவப் போனார்.

றஞ்சி அக்கா பனிக்காலத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். சின்ன உருவம். விமான நிலையத்தில் எங்களைவிட அதிகமாகக் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தார், யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்று. நான் அவர்களுக்கு இடம் விட்டு, இரண்டாம் மாடிக்கு மாறியிருந்தேன். முதல் மாதம் முழுவதும் அவர் யன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். படியில் கண்டால், “தம்பி, உங்கடை அண்ணையிட்டைச் சொல்லும், ஆறு மாதம் வேகமாப் போகுது எண்டு” என்பார். பகிடியாகத்தான் சொல்லுவார். அங்குலத்தார் அதைப் பகிடியாக எடுக்கவில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது. அவருக்குச் சாப்பாடு குறைந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நல்ல பனி விழுந்ததும், முதலாளி வழமைபோல் வாடிக்கையாளர் சிலரோடு வடக்கே மலைக்கு வெளிக்கிட்டார். அங்குலத்தாரின் வண்டியையும் ட்ரெய்லரில் ஏற்றினார்கள். அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அங்குலத்தார் ஒரு வாடிக்கையாளரின் காரில் பின்னால் வந்தார். பல மணி நேர ஓட்டம். எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவரைத் தோண்டி எடுக்க ஒரு தமிழனாவது நிற்கட்டும் என்று போனேன்.

மலை என்றால் உண்மையில் மலை. வெள்ளையாக, முன்னால் எழுந்து நின்றது. வண்டியை இறக்கினார்கள். எல்லோரும் அங்குலத்தாரைப் பார்த்தோம். அவர் ஹெல்மெட்டை எடுத்தார். தலையில் போடவில்லை. கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார்.

“ஏறும்.”

“ஆர், நானோ?”

“ஓம். கிளச் இல்லை, கியர் இல்லை. வலது பெருவிரலாலை அமத்தினால் போகும். இடது கையிலை பிரேக். மண்ணெண்ணெயிலை ஓடின உமக்கு இது ஒரு பிரச்சினையே?”

“அப்ப நீங்கள்?”

“இது ஒரு ஆளுக்குத்தான். நான் இஞ்சை நிக்கிறன்.”

அக்கா ஹெல்மெட்டைப் போட்டார். முதலாளி பக்கத்தில் குனிந்து நின்று இதை அமர்த்து, இதை விடு என்று காட்டினார். முதல் கொஞ்சத் தூரம் வண்டி தயங்கித் தயங்கிப் போனது. பிறகு ஒரு உறுமல். அக்கா எழுந்து நின்று, பாரத்தை ஒரு பக்கம் சாய்த்தார். வண்டியும் சாய்ந்து திரும்பியது. சரிவில் ஏறியது. எங்கும் புதையவில்லை. மரங்களுக்கு மேலே ஒரு சின்னப் புள்ளியாகப் போய், வளைந்து, மறைந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“அண்ணை, திரும்பி வருவாவோ?”

அவர் நன்றாகப் பார்க்கவென்று பாதையை விட்டு ஒரு அடி முன்னால் வைத்தார். இடுப்புவரை பனிக்குள் போனார். அப்படியே நின்று, தேத்தண்ணிப் போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் இப்போதும் மறக்கவில்லை. பரீட்சை எழுதிவிட்டு மண்டபத்துக்கு வெளியில் நிற்கிற பிள்ளையின் முகம் அது.

சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு மலை விளிம்பில் வண்டி. அக்கா இறங்கி வந்து, அங்குலத்தாருக்கு நேர் முன்னால் வளைத்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார். மூக்கு சிவந்திருந்தது.

“அப்ப அதுக்கோ கிலோ கேட்டனீங்கள்?”

“ஓம்.”

அக்காவின் முகம் கொஞ்சம் மாறியது. “நான் ஐம்பத்தி ரெண்டு எண்டு சொன்னது…”

“தெரியும்” என்றார் அங்குலத்தார், இடுப்பளவு பனிக்குள் நின்றபடி. “அஞ்சு கூட்டித்தான் எடுத்தனான்.”

அவரைத் தோண்டி எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டோம். சிரித்த சிரிப்பில் அக்காவால் ஒரு கை கொடுக்கவும் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா ஊரில் இருக்கும் தம்பியாரோடு கதைத்துக்கொண்டிருந்தார். “இல்லையடா, நான் வரேல்லை. மோட்டச்சைக்கிளை வித்துப்போடு” என்றார். அங்குலத்தார் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை, போட்டுக்கொண்டே இருந்தார். நானும் தடுக்கவில்லை.

அவர்கள் பிறகு மொன்றியலுக்குப் பக்கத்துத் தீவான இல்-பிசாருக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள். பஸ் குறைந்த இடம்தான். வண்டி ஓட்ட அக்கா இருக்க அங்கே யாருக்கு பஸ் வேண்டும்? அந்த மலை வண்டி இன்றும் கராஜில் நிற்கிறது. அங்குலத்தார் அதில் இன்னும் ஏறவில்லை.

ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழுகிற அன்று எனக்கு அவரிடமிருந்து தொலைபேசி வரும். சுகம் கேட்கமாட்டார். “தம்பி, இப்ப எத்தினை கிலோ?” என்று கேட்பார். நான் ஐந்து கிலோவைக் குறைத்தே சொல்லுவேன். மறுபக்கத்தில் சத்தம் இருக்காது; தலையை ஆட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். என் சரியான பாரம் தெரிந்த மனிதர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.